ட்ரெய்லர் ஸ்பிரிங் பிராக்கெட் பத்தவெச்ச 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் எப்படி இருக்குதுங்க

கோயமுத்தூர் நஞ்சப்பா ரோட்டுல வாங்குன மெஷினுங்க, சிங்கிள் பேஸு, ஒத்தக் கையில தூக்கிறலாம். வாங்குனதே தேங்கா ஏத்தற ட்ரெய்லருக்கு ஸ்பிரிங் ஹேங்கர் பிராக்கெட் புதுசா வெக்கோணும்னுதான், பழசு துருவேறி விரிசல் உட்ருச்சு. வீட்டு கேட்டு, ஜன்னல் கிரில்லுக்கு எந்த மெஷினும் போதும், ஆனா இது மொத்த லோடும் தொங்கற எடம், அதனால அத மட்டும் வெச்சு சொல்றேன்.

ராடு நுனியில எரியற ஆர்க் நெம்ப நல்லா நிக்குது. 6013 ராடு எதுலயும் ஓடும், பிராக்கெட்டுக்கு நான் போட்டது 7018, 3.15 எம்எம், ஹோல்டர ப்ளஸ்ல மாட்டி 120 ஆம்ப்ஸ். சின்ன மெஷின் பலதுல இந்த ராடு ஒட்டிக்கிட்டு உயிர வாங்கும், இதுல தொட்டதும் புடிக்குதுங்க. நிறுத்திட்டு மறுக்கா தொடறப்ப மட்டும் நுனியில கண்ணாடியாட்டம் மூடியிருக்கற கசட தட்டி உடோணும், அது ராடோட கொணம், மெஷின் மேல குத்தமில்ல. ஈரம் இழுத்த 7018 போட்டா ஹைட்ரஜன் உள்ள போயி தையலுக்கு (பத்தவெச்ச வரிக்கு) ஓரத்துலயே பின்னால வெடிப்பு வரும், பாக்கெட் பிரிச்ச அன்னைக்கே ஓட்டிருங்க, இல்லீன்னா ஓவன்ல 300 டிகிரி பக்கம் ஒரு மணி நேரம் காய வெக்கோணும்.

10 எம்எம் பிளேட்டு ஓரத்த சரிவா கிரைண்டிங் அடிச்சு, ட்ரெய்லர் சட்டமா இருக்கற சேனல்ல பெயிண்டு துரு எல்லாம் வெள்ளையாகற வரைக்கும் எடுத்துட்டு அங்கங்க பொட்டாட்டம் டேக் மட்டும் அடிச்சேன், அப்புறம் ஸ்பிரிங்கும் ஆக்சிலும் மாட்டி, முன்னால ட்ராக்டர்ல மாட்டற கொக்கி ஓட்டையில இருந்து ஆக்சில் ரெண்டு முனைக்கும் டேப் புடிச்சு பாத்து, ரெண்டும் ஒண்ணா வந்ததுக்கு அப்புறந்தான் முழுசா ஓட்டுனது. இது சரியில்லீன்னா வண்டி கோணையாத்தான் இழுக்கும், டயரும் தேஞ்சு போயிரும். தையல் சேனலோட நீளவாக்குல மட்டும் போகோணும், அடி பிளேஞ்சுல (சேனலோட கீழ் மடிப்புல) குறுக்க ஓட்டுனா அங்கதான் மொதல்ல ஒடையும்.

60 சதவீத டியூட்டின்னு போட்டிருக்குது, அதாவது 200 ஆம்ப்ஸ்ல பத்து நிமிசத்துல ஆறு நிமிசம் ஓட்டலாம். 120ல வெச்சு ஓட்டுனதுல தகர சாலை சூட்டுலயும் ஓவர்ஹீட் லைட்டு எரியவே இல்லீங்க. பொழுதோட வோல்டேஜ் எறங்கறப்பவும் ஆர்க் சாகல, எனக்கு பெரிய நிம்மதி அதுதான். ஆனா சாதா 15 ஆம்ப்ஸ் பிளக்குல சொருகாதீங்க, வயரு கொதிக்கும், 4 ஸ்கொயர் வயரு தனியா இழுத்து எம்சிபி போடுங்க. கெணத்து மோட்டார் சர்வீஸ்ல கொக்கி போடறது வேண்டவே வேண்டாமுங்க, அது பம்புக்குன்னு குடுத்த கரண்டு.

ட்ராக்டர்ல இருந்து ட்ரெய்லர கழட்டிட்டு, எர்த் கிளாம்ப பிராக்கெட்டுக்கு ஒட்டுனாப்ல கடிக்க வைங்க, தூரமா போட்டா கரண்டு வீல் பேரிங் வழியா ஓடி அத கெடுத்துரும்.

லாரி, பிக்கப்புக்கு மட்டும் இத நம்பி எறங்கிறாதீங்கண்ணா. ட்ரெய்லர் சேனலு சாதா எம்எஸ்சு (மைல்டு ஸ்டீலு). லாரி சேஸ் ஹை டென்சில்னு சொல்ற பலம் கூடுன ஸ்டீலு, கம்பெனியே பிராக்கெட்ட ரிவிட்டு, போல்ட்டுலதான் மாட்டியிருப்பாங்க, சூடு பட்ட எடம் பலம் கொறஞ்சுரும். அதுக்கு நாமக்கல் பக்கம் பாடி கட்டற பட்டறைக்கே கொண்டு போயிருங்க.

கொறைன்னா கூட வர்ற எர்த் கிளாம்பு, தகரமாட்ட மெல்லிசு, சீக்கிரமே சூடேறுது, வாங்கறப்பவே நல்ல காப்பர் கிளாம்பும் நீள கேபிளும் சேத்து கேட்டு வாங்கிக்கோங்க.