710 சீல் இருந்தது, பில் இல்லை: பிளைவுட் வாங்குபவர்கள் கவனத்துக்கு

மீன்தொட்டிக்கு மர ஸ்டாண்ட் செய்து விற்கிறேன். முழுநேரத் தொழில் இல்லை. அம்பத்தூரில் கம்பெனி வேலை, சனி ஞாயிறில் இது. கொளத்தூர் மீன் கடைகளுக்குப் பக்கத்தில் வீடு என்பதால், தொட்டி வாங்கிப் போகிறவர்கள் "அடியில வைக்க ஏதாவது செஞ்சு தருவீங்களா" என்று கேட்கப்போய் ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் நாற்பதுக்கு மேல் செய்திருப்பேன். போன மார்ச் வரைக்கும் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மார்ச்சில் பெரம்பூரிலிருந்து போன். அக்டோபரில் எடுத்துப் போனவர். "தம்பி, ஸ்டாண்டு கதவு மூட மாட்டேங்குது, ஒரு தடவை வந்து பாருங்களேன்." கீல் தளர்ந்திருக்கும் என்று ஸ்க்ரூடிரைவரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கீலில் ஒன்றும் இல்லை. தொட்டியைப் பார்த்ததுமே வயிற்றைக் கலக்கியது. தண்ணீர் நிரம்பிய தொட்டியைவிட நல்ல ரசமட்டம் கிடையாது. இடப்பக்கம் தண்ணீர் விளிம்புக்கு ஒரு விரல் கீழே, வலப்பக்கம் ஒன்றரை விரல். ஸ்டாண்ட் இடப்பக்கமாக இறங்கியிருந்தது. குனிந்து டார்ச் அடித்தால், ஃபில்டர் குழாயிலிருந்து எப்போதோ சொட்டிய தண்ணீர் பட்ட இடத்தில், பக்கப் பலகையின் அடி உப்பி, நனைந்த நோட்டுப்புத்தகம் மாதிரி அடுக்கடுக்காக விரிந்து, மேலே இருக்கும் எடையில் நசுங்கிக் கிடந்தது. விரல் நகத்தால் கீறினேன், ஒரு அடுக்கு அப்படியே கையோடு வந்தது.

எடை என்றால் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன், பலருக்கு இது தெரிவதில்லை. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் முழுக்க நிரப்பினால் சுமார் 255 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன். 10 மில்லிமீட்டர் கண்ணாடி ஐம்பது கிலோவுக்கு மேல் வரும். மணல், கல் எல்லாம் சேர்ந்தால் முந்நூற்றைம்பதைத் தொடும். அதனால் நான் எடையை ஸ்க்ரூவில் நிற்க விடுவதில்லை. மேல்பலகை பக்கப் பலகைகள் மேலும் நடுப்பலகை மேலும் நேராக உட்கார்ந்து, பாரம் தரைக்கு இறங்க வேண்டும். பெரம்பூர் ஸ்டாண்டும் அப்படிச் செய்ததுதான். ஆனால் பாரம் இறங்குகிற பலகையே போலி என்றால் வடிவமைப்பு என்ன செய்யும்? ஒரு பக்கம் இறங்கினால் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், சிலிக்கான் ஒட்டில் பிளவு விடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் 255 லிட்டர்.

அன்று சாயங்காலம் முழுக்க நானும் அவரும் டியூப் போட்டுத் தண்ணீரை இறக்கினோம். இரண்டு ஆஸ்கர் மீன்களையும் ஒரு நீல டிரம்மில் விட்டோம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

சரி, பலகைக்கு வருவோம். அந்த ஸ்டாண்டுக்குப் பலகை வாங்கப் போன வாரம், நான் எப்போதும் வாங்குகிற கடையில் ஸ்டாக் இல்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி வேறொரு கடைக்குப் போனேன். சாம்பிள் துண்டு காட்டினார்கள், அருமையாக இருந்தது. ஓரத்தில் பசைக் கோடுகள் கரும்பழுப்பாக, இடைவெளி இல்லாமல். 710 தர மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட், 710 என்பது அதற்கான ஐஎஸ்ஐ தர எண்), 19 மில்லிமீட்டர், சதுர அடி 112 ரூபாய். எட்டுக்கு நாலு ஷீட் நான்கு எடுத்தேன், 14,336 ரூபாய். "பில் வேணும்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேரும் சார், எஸ்டிமேட்ல போட்டுக்கலாமா?" என்று கேட்டார் கடைப் பையன். 2,580 ரூபாய் மிச்சம். போடுங்க என்று சொன்னது நான்தான், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது.

குட்டி யானையில் வந்து இறங்கின ஷீட்டுகளில் ஐஎஸ்ஐ முத்திரையும் 710 என்ற எண்ணும் பளிச்சென்று இருந்தன. ஆசாரி அண்ணன் மட்டும் ஒரு ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, தக்கையா இருக்கு" என்றார். சீல் இருக்குண்ணா என்று வாயை அடைத்தேன். முப்பது வருடமாகப் பலகை தூக்குகிற கை. அதை நம்பாமல் மையில் அடித்த சீலை நம்பியிருக்கிறேன்.

பெரம்பூரிலிருந்து வந்த அன்று ராத்திரி, பரணில் கிடந்த மிச்சத் துண்டுகளை எடுத்தேன். முதலில் ஸ்கேலால் கனம்: பதினேழரை மில்லிமீட்டர்தான். ஈரத்துணியால் தேய்த்தேன், துணியில் சிவப்புச் சாயம் ஒட்டியது. அப்புறம் உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டிப் பழைய இட்லிக் குண்டானில் போட்டு அடுப்பில் வைத்தேன். 710 தரத்துக்கான சோதனையே கொதிநீரில் 72 மணி நேரம் கிடந்தும் அடுக்குப் பிரியக் கூடாது என்பதுதான். அதற்கு ஒரு படி கீழே உள்ள பிடபிள்யூஆர் தரம்கூட கொதிநீரில் எட்டு மணி நேரம் தாங்க வேண்டும். என் துண்டு ஐம்பது நிமிடத்தில் தாமரைப்பூ மாதிரி விரிந்துவிட்டது. பசைக் கோடு வெளுத்திருந்தது. வீட்டுக்குள் அலமாரிக்குப் போடுகிற, ஈரக்காற்றை மட்டும் தாங்கும் சாதா எம்ஆர் பலகை, அதுவும் மட்டமான ரகம். மேலே சாயம், அதற்கு மேலே சீல். வீட்டில் அந்தக் குண்டானுக்காக வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

சீலையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று ஆரம்பித்து லைசென்ஸ் எண் இருக்கும். ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கும் பிஐஎஸ் அமைப்புக்கு பிஐஎஸ் கேர் என்று அரசாங்க ஆப் ஒன்று இருக்கிறது, இலவசம். அதில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த லைசென்ஸ் என்று வந்துவிடும். என் பலகையில் ஒரு கம்பெனிப் பெயர், ஆப்பில் வந்தது வேறு கம்பெனிப் பெயர். ஷீட் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய இரண்டு நிமிட வேலை.

மறுநாள் வெந்த துண்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி துண்டைத் தொடக்கூட இல்லை. "தண்ணி பட்டா எந்தப் பலகையும் போகும் சார்" என்றார். மரைன் பிளை என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள் என்றேன். "இது எங்க கடைப் பலகைன்னு எப்படி சார் சொல்றீங்க?" சீட்டை எடுத்துக் காட்டினேன். வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். 'எஸ்டிமேட். பிளை 19 - 4' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதி, கீழே தொகை. கடைப் பெயர் இல்லை, 710 இல்லை, மரைன் இல்லை, தேதிகூட இல்லை. "இதுல எங்க பேரே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். பணத்தையும் ரொக்கமாகத்தான் கொடுத்திருந்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். நல்லபடியாகத்தான் பேசினார்கள். முதலில் கேட்டது பில் எண். போலி முத்திரைக்கு பிஐஎஸ் கேர் ஆப்பிலேயே புகார் கொடுக்கலாம். பாதி சீல் தெரிகிற மிச்சத் துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

பெரம்பூர்க்காரருக்குப் புது ஸ்டாண்ட் செலவில்லாமல் செய்து கொடுத்தேன். பலகை, மைக்கா, கூலி, வண்டி எல்லாம் சேர்த்து 13,000 ரூபாய்க்குப் பக்கத்தில் போனது. பில்லோடு வாங்கிய பலகை. வெட்டுவதற்கு முன்னால் ஷீட்டின் மூலையில் ஒரு துண்டு எடுத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு வேகவைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. 72 மணி நேரம் கேஸ் எரிக்க எனக்குக் கட்டுப்படி ஆகாது. ஆனால் என்னை ஏமாற்றிய பலகை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, அந்த மாதிரிப் பலகையைக் கண்டுபிடிக்க இந்த அளவு போதும்.

அந்த நான்கு ஷீட்டில் இரண்டு ஸ்டாண்ட் செய்திருந்தேன். இரண்டாவது ஆவடியில் ஒரு வீட்டில் இருக்கிறது. அவரிடம் நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். புது ஸ்டாண்ட் விற்கப் பார்க்கிறேன் என்று முதலில் நினைத்திருக்கிறார். காசு வேண்டாம் என்றதும் இன்னும் சந்தேகம். கடைசியில் கீழே குனிந்து பார்த்துவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார், பின்பக்க மூலை லேசாக உப்பத் தொடங்கியிருக்கிறதாம். பாதித் தண்ணீரை உடனே இறக்கச் சொல்லியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

"வரும்போது பலகை வாங்கின பில்லையும் எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்து வைத்துவிட்டேன்.