எழுத்து சிதறுகிறதா? ஜிபியுவை அணைப்பதா, கேஷை அழிப்பதா?

நிரல் எழுத உதவும் விஎஸ் கோட் எடிட்டரில் எழுத்துகள் சில நேரம் மட்டும் சிதறும், பாதி மறையும். கொஞ்சம் ஸ்க்ரோல் செய்தால் சரியாகிவிடும். இப்படி வந்து வந்து போகும் கோளாறில் ஃபான்ட்டைக் குறை சொல்வது பெரும்பாலும் வீண். இந்த எடிட்டர் எலக்ட்ரான் என்ற செயலிக் கட்டமைப்பு வழியாக, குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தின் மேல் ஓடுகிறது. திரையை வரைவதில் ஜிபியுவுக்கு, அதாவது கிராபிக்ஸ் சிப்புக்கு, பெரும் பங்கு.

ஹார்ட்வேர் ஆக்சலரேஷனை, அதாவது வரையும் வேலையை ஜிபியுவிடம் விடுவதை, அணைப்பது முதல் வழி. ஜிபியு வேண்டாம் என்ற ஆணையோடு டெர்மினலிலிருந்து எடிட்டரைத் திறந்து பாருங்கள். சிதறல் நின்றால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிடும். ஆனால் வரையும் வேலை சிபியு தலையில் விழும். 4கே திரையில் ஸ்க்ரோல் திக்கலாம். சோதனைக்கு அருமை, நிரந்தரத் தீர்வாக எனக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கும் டெர்மினலில் மட்டும் சிதறினால் அதற்கென்றே தனி ஜிபியு அமைப்பு உண்டு. அதை மட்டும் அணைத்தால் போதும்.

கேஷை, அதாவது மறுபடி பயன்படுத்த எடிட்டர் சேமித்து வைத்த தற்காலிகக் கோப்புகளை, அழிப்பது இரண்டாவது. லினக்ஸில் மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்த கையோடு சிதறல் தொடங்கியதென்றால் யோசிக்காமல் இதைத்தான் செய்வேன். பழைய டிரைவருக்காகத் தொகுத்து வைத்த ஷேடர்கள் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்கள்) சில நேரம் புதியதோடு ஒத்துப்போவதில்லை. எடிட்டரை முழுவதும் மூடிவிட்டு, அதன் பயனர் தரவு ஃபோல்டரில் உள்ள ஜிபியு கேஷ் ஃபோல்டரை நீக்குங்கள். அடுத்த முறை திறக்கும்போது அது தானாக உருவாகும். அமைப்புகளும் எக்ஸ்டென்ஷன்களும் அப்படியே இருக்கும். வேகமும் குறையாது.

தமிழில் கொம்பும் காலும் எப்போதும் ஒரே மாதிரி பிசகினால் மட்டும் கதை வேறு: அப்போது ஃபான்ட்டை மாற்றுங்கள்.