குல்லாய் வைத்த கம்பளி மிட்டன்: நான்கு குளிர்காலம் அணிந்த பிறகு

மிட்டன் என்பது நான்கு விரல்களும் ஒரே உறைக்குள் அடங்கும் கையுறை. நானே பின்னி, நான்கு குளிர்காலங்களாக அணிந்துவரும் திறந்துமூடும் மிட்டன்களைப் பற்றிய அனுபவம் இது. விரல்களைப் பாதிவரை மூடும் ஒரு கையுறை. அதன் புறங்கைப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒரு குல்லாய். குல்லாயை முன்னே இழுத்துவிட்டால் நான்கு விரல்களும் ஒரே பைக்குள் அடங்கிவிடும்; பின்னே மடித்துப் பொத்தானில் மாட்டினால் விரல் நுனிகள் வெளியே வரும். இதுவரை இரண்டு ஜோடிகள் பின்னியிருக்கிறேன். முதல் ஜோடியை இரண்டாவது குளிர்காலத்தின் பாதியிலேயே ஒதுக்கிவிட்டேன். இரண்டாவது ஜோடி இன்றும் அன்றாடம் உழைக்கிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே பருமனுள்ள நூலைத்தான் எடுத்தேன். அப்படியிருந்தும் ஒன்றில் கை விறைத்தது, மற்றொன்றில் விறைக்கவில்லை என்பதால், வேறுபாடு எங்கே இருந்தது என்பதையே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் ஜோடிக்கு, இயந்திரத்தில் துவைக்கலாம் என்று சீட்டில் குறிப்பிட்டிருந்த மெரினோ ஆட்டுக் கம்பளி நூலை வாங்கினேன். அப்படிப்பட்ட நூலில் கம்பளி இழையின் மேலுள்ள செதில்களை வேதிமுறையில் மழுக்கியிருப்பார்கள். அதனால் துவைத்தால் சுருங்காது, தொட்டால் வழவழப்பாக இருக்கும். ஆனால் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதும் குறைந்துவிடும் என்பதை மூன்றாவது துவைப்புக்குப் பிறகே உணர்ந்தேன். மணிக்கட்டின் ரிப் பின்னல் (மேடும் பள்ளமுமாக வரிவரியாக அமைந்து, இழுத்தால் விரியும் பின்னல்) தளர்ந்து, மிட்டன் கையில் நிற்காமல் ஒரு சாக்குப்பைபோல் ஆடத் தொடங்கியது. இரண்டாவது ஜோடிக்குச் செதில் நீக்காத சாதாரணக் கம்பளியை எடுத்தேன். முதல் வாரம் கொஞ்சம் உறுத்தியது. பிறகு உள்பக்கம் லேசாகத் திரண்டு, காற்றுப் புகாத ஒரு மென்மையான படலமாக அமைந்துவிட்டது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பிறகும் கைக்கு நனைந்ததுபோல் தெரியாது. விரல்கள் வியர்த்து, வெளியே வந்து, மீண்டும் உள்ளே போகும் இந்த வகை மிட்டனுக்கு அந்தக் குணம் மிகவும் வேண்டியது. அக்ரிலிக் என்ற செயற்கை நூலில் அது கிடைக்காது.

இருந்தாலும் முதல் ஜோடி தோற்றதற்கு நூலைவிடக் குல்லாயின் அளவுதான் முக்கியக் காரணம். நடுவிரல் முட்டியிலிருந்து நுனிவரை, கையை மேசையில் விரித்துவைத்து அளந்து, பத்து சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு பின்னினேன். அணிந்து பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்ததும் கதை மாறியது. விரல்களை மடக்கும்போது புறங்கைப் பக்கத்தின் நீளம் கூடுகிறது. முட்டியின் மேல் நாடாவை வைத்து அளந்தால் என் கையில் அது பதினொன்றரை சென்டிமீட்டர். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் இல்லாததால் குல்லாயின் நுனி விரல்களை அழுத்தியது. அழுந்திய கம்பளியில் காற்று தங்காது. காற்று தங்காத இடத்தில் சூடும் தங்காது. போதாக்குறைக்கு, உள்ளங்கைப் பக்கத்து விளிம்பு விரல்களின் அடியை ஒரு சென்டிமீட்டர் மட்டுமே மூடியிருந்தது. கை மடங்கியதும் அந்த விளிம்பு வாயைப் பிளந்துகொள்ள, எதிர்க்காற்று நேராக உள்ளே நுழைந்தது. இறங்கிப் பார்த்தபோது நுனிகள் வெளுத்திருந்தன; பூட்டுச் சாவியைத் திருப்ப இரண்டு நிமிடம் பிடித்தது. மிட்டனுக்குள் விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும், வெளியே சூட்டை இழக்கும் பரப்பும் கையுறையைவிடக் குறைவு என்பதெல்லாம் உண்மைதான். வாசல் திறந்து கிடந்தால் அந்த நன்மை எதுவும் நிற்காது.

ஆகவே இரண்டாவது ஜோடியில் குல்லாய்க்கே முதல் கவனம் கொடுத்தேன். வழக்கமாக நாலரை மில்லிமீட்டர் ஊசி கேட்கும் நூலை மூன்றரை மில்லிமீட்டர் இருமுனை ஊசிகளில் இறுக்கமாகப் பின்னினேன். பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகள், அதாவது பின்னல் வளையங்கள், வந்தன. என் உள்ளங்கைச் சுற்றளவு 19 சென்டிமீட்டர் என்பதால் 40 கண்ணிகள் போட்டால் சற்றே பிடிப்பாக அமையும். மணிக்கட்டு ரிப்பை எட்டு சென்டிமீட்டர் வைத்தேன். கோட்டின் கைக்குள் அது முழுதாகப் புகுந்துகொள்ள வேண்டும். கட்டைவிரலுக்கு மூன்று சுற்றுக்கு ஒருமுறை இரண்டு கண்ணிகள் கூட்டி, பதினைந்து சேர்ந்ததும் தனி நூலில் நிறுத்திவைத்தேன். அதுவரை எந்த மிட்டனுக்கும் பொதுவான வேலைதான்.

குல்லாய்க்குப் புறங்கையில் முட்டிக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இருபது கண்ணிகளை எடுத்தேன். பின்னி முடித்த துணியின் மேல் இப்படிக் கண்ணி எடுப்பதில்தான் கண் ஏமாறும். இடக்கையில் வரிசை இரண்டு வரி சாய்ந்துவிட, குல்லாய் முழுவதும் சுண்டுவிரல் பக்கம் திரும்பி நின்றது, பிரித்துவிட்டேன். பிறகு வேறு நிற நூல் ஒன்றை ஊசியில் கோத்து, ஒரே வரியின் கண்ணிகளில் ஓட்டி அடையாளம் வைத்துக்கொண்டு எடுத்தபோது நேராக வந்தது. உள்ளங்கைப் பக்கத்துக்குப் புதிதாக 24 கண்ணிகளைத் தளர்வாகப் போட்டேன். இங்கே இறுக்கிப் போட்டால் குல்லாயைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் விளிம்பு விரலை அறுக்கும். அந்த 24 கண்ணிகளையும் மூன்று சென்டிமீட்டர்வரை இரண்டுக்கிரண்டு ரிப்பாகப் பின்னி, அதன் பின்னரே புறங்கையின் இருபதோடு சேர்ந்த மொத்தத்தில் நான்கைக் குறைத்து 40 ஆக்கினேன். ரிப் உள்ளங்கையைக் கவ்விக்கொள்வதால் கை மடங்கினாலும் வாய் திறப்பதில்லை. இதைவிடப் பெரிய திருத்தம் இரண்டாவது ஜோடியில் வேறு இல்லை.

பாதி விரல்களை நடு மூட்டோடு நிறுத்துவதே நல்லது என்று நினைக்கிறேன். முதல் ஜோடியில் சூடு கிடைக்கும் என்று நீளமாக விட்டேன். குல்லாய்க்குள் அவை சுருண்டு, விரல்களுக்கு நடுவே கட்டிகட்டியாக நின்றன. சுண்டுவிரல் மற்றவற்றைவிடக் கீழே தொடங்குவதால் அதன் கண்ணிகளை மூன்று சுற்று முன்னதாகவே பிரித்துவிட வேண்டும். விரல்கள் பிரியும் கவையில் இரண்டு கண்ணிகளைக் கூடுதலாக எடுக்காவிட்டால் அங்கே ஓட்டை விழும். நான்கு விரல்களுக்கும் தனித்தனியே பின்னுவது சலிப்பூட்டும் வேலை என்பதை மறுக்கமாட்டேன். நான்கையும் சேர்த்து ஒரே குழாயாக முடிப்பவர்களும் உண்டு. குல்லாயைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் வேலை செய்கிறவருக்குத் தனி விரல்தான் வசதி.

பொத்தான் விஷயத்தில் நான் இரண்டு முறை மனம் மாறினேன். முதலில் தைத்த பெரிய மரப்பொத்தான் அழகாக இருந்தது. பைவாரில் சிக்கி ஒரே மாதத்தில் பிய்ந்து போயிற்று. அடுத்ததாகச் சிறு காந்தங்களைத் துணிக்குள் வைத்துத் தைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொள்ளும் சுகத்தை அனுபவித்தது இரண்டு வாரம். பிறகு சட்டைப்பைக்குள் கைவிட்டால் சாவிக்கொத்தும் கூடவே வந்தது, துவைத்த பிறகு துரு கசிந்து வெளிர்நிற நூலில் கறை படிந்தது. இப்போது இருப்பது பதினைந்து மில்லிமீட்டர் தட்டைப் பொத்தான். துணி இழுபடாமலிருக்க உள்பக்கம் இன்னொரு சிறு பொத்தானை முட்டுக் கொடுத்துத் தைத்திருக்கிறேன். குல்லாய் நுனியில் உள்ள வளையத்தை ஒற்றைக் கையால் மாட்ட முடிகிறது.

தேய்மானம் நான் எதிர்பார்த்த இடங்களில் வரவில்லை. உள்ளங்கையில் நூல் உருண்டைகள் திரண்டனவே தவிர ஓட்டை விழவில்லை. வலக்கைக் கட்டைவிரல் நுனியும், ஆள்காட்டி விரலின் பாதி விளிம்பும் மூன்றாவது குளிர்காலத்தில் இற்றுப்போயின. இரண்டிலும் இழையோட்டிச் சரிசெய்தேன். அதற்கு முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த காலுறை நூலைப் பயன்படுத்தினேன். மீண்டும் பின்னுவதாக இருந்தால் பாதி விரல்களை ஆரம்பத்திலேயே அந்த நூலில் பின்னுவேன். துவைப்பது மாதம் ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில், கசக்காமல். துண்டில் சுருட்டிப் பிழிந்து, படுக்கவைத்துக் காயவிடுகிறேன்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஈரப்பனி கொட்டும் நாளில் அரைமணி நேரத்துக்கு மேல் இது தாங்காது. பனியை உருட்டி விளையாடவோ, மண்வாரியால் பனி அள்ளவோ வேறு கையுறைதான் வேண்டும். மைனஸ் பத்துக்குக் கீழே, காற்றும் சேர்ந்தால், உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை ஒன்றை அணிந்துகொள்கிறேன். அப்படி அணியும் நாளில் கைபேசித் திரை விரலை உணர்வதில்லை. அந்த நாட்களில் இந்த மிட்டன் சாதாரண மிட்டனாகவே வேலை செய்கிறது. குளிர்காலத்தின் பெரும்பகுதி பூஜ்யத்துக்கும் மைனஸ் எட்டுக்கும் இடையிலேயே கழிகிறவர்களுக்கு இது போதும். அடுத்த ஜோடிக்கான நூலை இப்போதே வாங்கிவைத்திருக்கிறேன்; கட்டைவிரலுக்கும் ஒரு சிறு குல்லாய் வைக்க வேண்டும், கைபேசியை ஒற்றைக் கையில் பிடிக்கும்போது அந்த விரல்தான் இன்னும் திறக்க வழியில்லாமல் மூடிக் கிடக்கிறது.