மூன்று வருடச் சப்பாத்தும் நாலு கொக்கிகளும்

நேற்றுத்தான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைப்பவரிடமிருந்து என் மலைச் சப்பாத்தை எடுத்து வந்தேன். அடி பிரிந்துபோய்த் தைக்கக் கொடுத்திருந்தேன். கையில் கண்ட மச்சான், "நானும் உந்தச் சப்பாத்தையே வாங்கட்டோ?" என்று கேட்டான். வீதியில் நின்று சொல்லி முடிக்கிற கதையில்லை, அதனால் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தானுக்கு எதற்கு மலைச் சப்பாத்து? எங்களுக்குத் தெரிந்த மலை கீரிமலை, அதுவும் கடற்கரையில் கிடக்கிறது. ஆனால் தாவரக் கணக்கெடுப்புக்குப் போகும் நண்பர்களோடு, அனுமதி எடுத்து, வருடத்துக்கு இரண்டு தரம் மத்திய மலைநாட்டு நக்கிள்ஸ் காட்டுக்குப் போவேன். அவர்கள் தேடும் செடி பாதையோரம் முளைப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட காடு என்பதால் ஒரு கிளையும் வெட்ட முடியாது, உடம்பால் தள்ளித்தான் போகவேண்டும். போன மாசியில் அங்கே ரிவர்ஸ்டன் என்ற இடத்துக்கு அப்பால் காலையிலிருந்து மத்தியானம் வரை தள்ளிவிட்டு ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தால் 800 மீற்றர்.

சப்பாத்தைச் சும்மா குறை சொல்லக் கூடாது. உக்கிய இலைக்குள் மறைந்திருக்கும் குழிகளில் எத்தனை தரம் கால் போயிருக்கும்! கணுக்கால் ஒருநாளும் பிசகவில்லை. அடி பிரிந்ததும் என் பிழைதான். அதன் நடு அடி பொலியூரித்தேன், போடாமல் வைத்தாலும் ஈரக்காற்றில் உதிரும் சாமான். நான் மாரி முழுக்கக் குசினிக்குப் பின்னால் பெட்டியில் மூடி வைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் கொக்கிகள்! லேஸ் கோர்க்கக் கீழே வட்டக் கண்கள், மேலே பக்கத்துக்கு இரண்டாகத் திறந்த கொக்கிகள். கடையில் போட்டுப் பார்க்கும்போது சுகம்தான், ஒரே இழுப்பில் கட்டி முடியும். காட்டில் அதே கொக்கி எதிர்ப்படும் கொடியையெல்லாம் பிடிக்கும். சங்கப் பாட்டில் படித்த குறிஞ்சி இருக்கிறதே, அதன் இனச் செடிகளைச் சிங்களத்தில் நெலு என்பார்கள். பூக்காத வருடங்களில் அது நெஞ்சளவு குச்சிக் காடு. குச்சி முடிச்சின் காதுக்குள் நுழையும். அடுத்த எட்டில் முடிச்சு அவிழும், லேஸ் கொக்கியிலிருந்து கழன்று இழுபடும், மற்றக் கால் அதை மிதிக்கும். குனிந்து கட்டும் அரை நிமிடத்தில் அட்டைகள் கையில் ஏறும். ஒருதரம் முடிச்சுக்குள்ளேயே ஒன்று இருந்தது. லேஸ் நுனி என்று பிடித்து இழுத்தேன். நீண்டுகொண்டே வந்தது.

இரட்டை முடிச்சுப் போட்டேன். பிளாஸ்ரர் சுற்றினேன், முதல் ஓடையோடு போய்விட்டது. பழைய கால்மேஸை வெட்டி மேலால் மாட்டினேன், கொக்கி மேஸையும் கிழித்தது.

சப்பாத்துத் தைப்பவர் அடியை ஒட்டி, சுற்றிவரத் தைத்து, கொக்கியை விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, இதைக் கழட்டிப்போட்டுக் கண் அடிச்சுத் தரட்டோ? பத்து நிமிச வேலை." மூன்று வருடம்! யார்மேல் என்று தெரியாத கோபத்தில், வேண்டாம் அண்ணை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மச்சானுக்குப் பதில்: வாங்காதே. இந்த விலைக்கு இப்படிக் கணுக்காலைப் பிடிக்கிற சப்பாத்து வேறு கிடைக்காது, உண்மைதான். இருந்தாலும் வாங்காதே. நான் நாளைக் காலை திரும்பவும் அந்த அண்ணையிடம் போகிறேன்.