மோட்டர் மேசையா, பாஸ் அடிக்கும் பலகையா, நல்ல நாற்காலியே போதுமா? மலையகத்து வீட்டுக்கு ஓர் அலசல்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனிக்கோ லண்டன் கணக்கு அலுவலகத்துக்கோ வேலை பார்ப்பவர்கள் இன்று நிறையப் பேர். முதுகு பிடிக்கத் தொடங்கியதும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: நின்றபடியே வேலை செய்ய உதவும் ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமா? அந்த மேசைக்கான விளம்பரங்களோ கம்பளம் விரித்த தரையையும், கரண்ட் போகாத ஊரையும், ஆறடி ஆளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இங்கே இருப்பது சிமெண்டுத் தரை, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, இடி முழங்கினால் விழுந்துவிடும் ட்ரிப் சுவிட்ச். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்களுக்கும் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்தது 550 சதுர அடிதான். மேசையை அதற்குள் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

போட்டியில் இருப்பவை நான்கு. மோட்டரில் ஏறி இறங்கும் மேசை, இருக்கிற மேசையின் மேல் வைத்துத் தூக்கும் தட்டு, மரவேலை பாஸிடம் (தச்சரிடம்) சொல்லி அடிப்பிக்கும் உயரப் பலகை, நிற்பதையே மறந்துவிட்டு வாங்கும் ஒரு நல்ல நாற்காலி.

நிற்பதைப் பற்றிப் பரப்பப்படும் மிகையை முதலில் கழித்துவிடுவோம். நின்றால் உடம்பு மெலியும் என்பது பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. பல ஆய்வுகளைத் திரட்டி 2018இல் வெளிவந்த மாயோ கிளினிக் கணக்கின்படி, உட்கார்ந்திருப்பதைவிட நிற்பது நிமிடத்துக்கு 0.15 கலோரிதான் கூடுதலாக எரிக்கிறது. 65 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு ஆறு மணி நேரம் நின்றாலும் 54 கலோரி. பிளேன்டீக்குப் போடும் மூன்று தேக்கரண்டிச் சீனியோடு அது சரியாகப் போய்விடும்.

நிற்பதற்கு ஒரு விலையும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் நின்றே செய்யும் வேலைகளில் இருந்தவர்களுக்கு, உட்கார்ந்து செய்பவர்களைவிட இதய நோய் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தார் பிரிட்டனின் 83,013 பேருடைய தரவுகளை வைத்து 2024இல் சொன்னது இன்னும் நேரடியானது. நிற்பதால் இதய நோய் குறையவில்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டி நிற்கும் ஒவ்வொரு அரை மணிக்கும், நரம்பு சுருட்டல் போன்ற இரத்த ஓட்டக் கோளாறுகளின் வாய்ப்பு 11 சதவீதம் ஏறியது. இதைச் சொல்ல நமக்கு சிட்னி தேவையில்லை. கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற எந்தப் பெரியம்மாவிடமும் ஸ்டாண்டிங் டெஸ்க் படத்தைக் காட்டிப் பாருங்கள்: "நாள் பூரா மலையில நின்னுதான் இந்தக் கால் இப்பிடி ஆயிருச்சு. நீ காசு குடுத்து நிக்கப் போறியா, தம்பி?"

அதற்காக உட்கார்ந்தே கிடப்பதும் சரியில்லை. லண்டன் பஸ்களில் சாரதிகளையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்ட ஜெரி மொரிஸின் ஆய்வு 1953இலேயே வந்துவிட்டது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. இரட்டைத் தட்டு பஸ்ஸின் படிகளில் அவர்கள் நாள் முழுக்க ஏறி இறங்கினார்கள், சும்மா நிற்கவில்லை. 2023இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பதினொரு பேரை மட்டும் வைத்துச் செய்த சிறு சோதனையில், அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவது 58 சதவீதம் குறைந்தது. சிறிய சோதனைதான், ஆனால் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: உடம்பு கேட்பது மாற்றத்தை. அப்படியானால் நான்கு பொருள்களையும் ஒரே கேள்வியால் அளக்கலாம். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற எவ்வளவு சிரமம்? சிரமமாக இருந்தால் மூன்றாம் வாரத்தில் யாரும் மாறமாட்டார்கள்.

இந்த அளவுகோலில் மோட்டர் மேசைக்கு நிகர் இல்லை. பொத்தானை அழுத்தினால் மொனிட்டர், கீபோர்ட், கோப்பு எல்லாம் சேர்ந்து மேலே போகின்றன. தொலைபேசியில் பேசிக்கொண்டே எழுந்துவிடலாம். அலுவலகங்களில் இவ்வகை மேசைகளைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளை 2018இல் தொகுத்த கொக்ரேன் மதிப்பாய்வு, ஆரம்ப மாதங்களில் உட்காரும் நேரம் நாளுக்குச் சராசரியாக 100 நிமிடம் குறைந்தது என்கிறது. சான்றுகளின் தரம் குறைவு என்ற எச்சரிக்கையையும் கூடவே வைக்கிறது.

மலையேறியதும் அதே மேசைக்குச் சிக்கல்கள் வரிசை கட்டுகின்றன. கரண்ட் போனால் எந்த உயரத்தில் இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதற்கு நாடே இருண்டது. (கையால் சுற்றி ஏற்றும் மேசை இதற்குத் தப்பும். ஆனால் நாளுக்கு ஐந்தாறு தடவை சுற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்?) மேற்பலகை பெரும்பாலும் மரத்தூளை ஒட்டிச் செய்த சிப்போர்ட். கினிகத்தேனை, மஸ்கெலியாப் பக்கத்து மழை மாதங்களில், ஓரப்பட்டி விட்ட இடத்தில் ஈரம் புகுந்தால் அது ஊதிவிடும். சட்டம் இரும்பு, கனம். ரோட்டில் லொறி நிற்கும் இடத்திலிருந்து வீட்டுப் படிவரை தூக்க நான்கு கைகள் வேண்டும். பழுதானால் ஆள் கொழும்பிலிருந்து வரவேண்டும்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வாங்குபவர் யாருமே கேட்காத ஒன்று: மேசை எவ்வளவு தாழும்? ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் கால் தரையில் படிய உட்கார்ந்தால் அவர் முழங்கை தரையிலிருந்து 62 சென்றிமீற்றர் அளவில்தான் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அடுக்குக் கால் கொண்ட மலிவு மேசைகள் பல 70 சென்றிமீற்றருக்குக் கீழே இறங்குவதில்லை. உட்கார்ந்தால் தோள் தூக்கி நிற்கும், அல்லது கதிரையை உயர்த்திவிட்டுக் கால் தொங்கும். மூன்று அடுக்குக் கால் கொண்டவை 62, 63வரை வரும், விலையும் ஏறும். நிற்கும் மேசை வாங்கி உட்காரும் வலியைக் கூட்டிக்கொள்வது இப்படித்தான் நடக்கிறது.

மேசைமேல் வைக்கும் தட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. முழுதாக இறக்கினாலும் கீபோர்ட் சில அங்குலம் மேலேயே நிற்கும். நம் வீடுகளின் 30 அங்குல மேசையோடு அது சேர்ந்தால் குள்ளமானவர்களுக்குப் பெரும்பாடு. சன்னக்கால் மேசையென்றால் தட்டச்சு செய்யும்போது மொனிட்டர் ஆடும். பலமான, தாழ்வான மேசை ஏற்கெனவே இருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

பாஸ் அடிக்கும் பலகைக்கு என் மனம் கொஞ்சம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. ஒன்றரை அடி அகல டர்பன்டைன் பலகை ஒன்று, இரண்டு முக்கோணத் தாங்கி, மடக்கிவிடும் கீல். வேலை முடிந்ததும் சுவரோடு ஒட்டிப் போய்விடும். சின்னக் காம்பராவில் அதுவே பெரிய லாபம். பழைய லயங்களின் கருங்கல் சுவரில் துளை போடுவது லேசில்லை, அங்கே காலூன்றிய இறாக்கையாக அடிப்பிப்பது நல்லது. கரண்ட் தேவையில்லை, ஈரத்துக்குச் சிப்போர்டைவிடத் தாங்கும். குறை என்னவென்றால் உயரம் ஒருவருக்குத்தான் பொருந்தும். அக்காவும் தம்பியும் பகிர்ந்தால் ஒருவர் கூன வேண்டியதுதான். இரண்டாவது, மாறுவதென்றால் லேப்டொப்பைத் தூக்கி வைக்க வேண்டும். லேப்டொப் மட்டும் வைத்திருப்பவருக்கு அது அரை நிமிட வேலை, இரண்டு மொனிட்டர் வைத்திருப்பவருக்கு நடக்காத வேலை. லேப்டொப்பைப் பலகையில் அப்படியே வைத்தால் கை சரியாக இருக்கும், கழுத்து குனியும். பலகைக்கு மேல் சின்னத் தட்டு ஒன்று கூட்டி லேப்டொப்பை அதில் ஏற்றிவிட்டு, கீழே தனிக் கீபோர்டும் மவுஸும் வைத்தால் திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக வரும். அந்த இரண்டும் இல்லாமல் நிற்கப் போவது கழுத்துவலியைத் தேடிப் போவது.

நாற்காலிக் கட்சிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 2006இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் அதட்டி உட்காரவைத்த 90 பாகை நிமிர்வைவிட, 135 பாகை சாய்வில் முதுகுத்தட்டுக்களுக்குச் சுமை குறைவாக இருந்தது. சாயக்கூடிய, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, முற்றத்திலும் குசினியிலும் சுற்றும் பிளாஸ்டிக் கதிரையைவிட எவ்வளவோ மேல். பாதத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டி வைத்தால் குளிர்தரையிலிருந்தும் கால் தப்பும். அதன் கெட்ட குணம் அதன் சுகம்தான், எழும்ப விடாது. நாற்காலியை மட்டும் வாங்குபவர் தேநீர் பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைக்காமல் குசினியிலேயே விட்டுவிடலாம், அழைப்புகளை இஸ்தோப்பில் நடந்துகொண்டே பேசலாம். பாயில் உட்கார்ந்து பெட்டிமேல் லேப்டொப் வைக்கும் மாணவர் பழக்கம் கால் மணி நேர மாற்றத்துக்கு நல்லது, பரீட்சைக் காலம் முழுவதற்கும் ஆகாது.

குளிரைத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன் நேரத்துக்கு வேலை செய்பவருக்கு அங்கே மாரியில் காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் இரண்டரை. முடியும்போது இரவு பத்தரை. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஜனவரி இரவு அது. வெறுஞ்சிமெண்டில் நிற்பதென்றால் எந்த மேசையும் தோற்கும். தடித்த காலுறையும், மடித்த சாக்கின்மேல் போட்ட யோகாப் பாயும் மேசைக்கு முந்திய செலவு. நிற்கையில் ஒரு காலை மாற்றி மாற்றித் தாழ்ந்த பெட்டியில் ஏற்றிவைத்தால் இடுப்பு லேசாகும். கோர்னெல் பல்கலைக்கழகத்து அலன் ஹெஜ் சொன்ன அளவு எனக்குப் பிடித்தது: அரை மணியில் இருபது நிமிடம் உட்கார்ந்து, எட்டு நிமிடம் நின்று, இரண்டு நிமிடம் அசைவு. இரவு எட்டுக்குப் பிறகு அந்த எட்டு நிமிடத்தை நான் நடையாக மாற்றிவிடுவேன், குளிரில் சும்மா நிற்பதில் புண்ணியமில்லை.

ஆக, லேப்டொப் ஒன்று, சின்ன அறை, ஒரே ஆள் என்றால் பலகையும் சுமாரான நாற்காலியும். இரண்டு மொனிட்டர், எட்டு மணி நேர ஷிப்ட், வீட்டில் இருவர் என்றால் மூன்று அடுக்குக் கால் மோட்டர் மேசை. ஆனால் தடித்த நல்ல பலகையை இங்கேயே போட்டுக்கொள்ளச் சட்டத்தை மட்டும் கேட்டு வாங்குங்கள். காலில் ஏற்கெனவே நரம்பு சுருண்டவர்களும் கர்ப்பிணிகளும் நாற்காலியோடு நடையைச் சேர்த்துக்கொண்டு, நிற்பதைப் பற்றி டொக்டரிடம் கேட்கட்டும்.

பலகைதான் என்று முடிவெடுத்தவர்கள் பாஸிடம் போனில் அளவு சொல்லாதீர்கள். வீட்டுக்கு வரச் சொல்லி, குளிருக்குப் போடும் செருப்பையும் காலுறையையும் போட்டு, விரிக்கப்போகும் பாயின் மேலேயே நின்று, கையைத் தளர்த்தி மடக்கிக் காட்டுங்கள். அவர் அளவுநாடாவை முழங்கைக்குப் பிடிக்கட்டும், தோளுக்கு அல்ல.