சர்வருக்குள் டேப் டிரைவ் மாட்டித் தருகிறோம் என்று வந்தால் உஷார்

திருப்பூரில் ஒரு நடுத்தர எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் பார்க்கிற ஆள் நான். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், சர்வர் படுத்தாலும் என்னைத்தான். சர்வருக்குள் டேப் பேக்கப் டிரைவ் (டேட்டாவின் நகலைக் காந்த டேப் கேசட்டில் எழுதும் கருவி) மாட்டித் தந்த ஒரு விற்பனையாளரிடம் போன வருஷம் ஏமாந்தேன். ஏமாந்தது தெரியவே எட்டு மாதம் ஆனது. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் கடைப் பெயரை எழுத முடியாது, கேட்க வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் எதற்கு டேப் என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு டையிங் யூனிட்டில் ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வைரஸ், புகுந்தது. நெட்வொர்க்கில் மாட்டியிருந்த பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிட்டது. அதைக் கேட்ட அன்றிலிருந்து எங்கள் முதலாளிக்குத் தூக்கம் இல்லை. போதாக்குறைக்கு ஆடிட்டரும், கம்பெனிக் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பைத் தினமும் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிய டேப்பை எந்த வைரஸும் தொட முடியாது. அந்த எண்ணம் இன்றைக்கும் எனக்கு மாறவில்லை. பிரச்சினை வாங்கிய இடத்தில்.

மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கினோம். இவர்களுடையது மற்ற இரண்டையும்விட ஐம்பதாயிரம் குறைவு. எல்டிஓ-6 (எல்டிஓ என்ற டேப் வகையின் ஆறாம் தலைமுறை) இன்டர்னல் டிரைவ், அதைச் சர்வரோடு இணைக்கத் தனி எஸ்ஏஎஸ் கார்டு, கேபிள், பத்து டேப், ஒரு கிளீனிங் டேப், மாட்டி செட்டப் செய்து தருவது எல்லாம் சேர்த்து 2,10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. "ஒரு டேப்புல ஆறு டிபி நிக்கும் சார், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார் கடைக்காரர். இங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எல்டிஓ-6 டேப்பின் நிஜக் கொள்ளளவு 2.5 டிபி. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 6.25, டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கினால்தான் கிடைக்கும். எங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி சாம்பிள் போட்டோவும் பிரின்ட் ஆர்ட்வொர்க்கும். ஜேபெக் படம் ஏற்கெனவே சுருங்கியது, அதை இன்னும் என்ன சுருக்குவது? எங்கள் மொத்த டேட்டா 1.8 டிபிக்குள்தான் என்பதால் பேசாமல் விட்டேன்.

மாட்ட வந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். எங்களுடையது டவர் சர்வர். டிவிடி டிரைவுக்குக் கீழே ஐந்தேகால் இன்ச் இடம் ஒன்று காலியாக இருந்தது, டிரைவ் அதில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் கொட்டேஷனில் இருந்த தனிக் கார்டைக் கொண்டுவரவில்லை. ஹார்ட் டிஸ்க்குகள் மாட்டியிருக்கும் ரெய்டு கார்டில் காலியாக இருந்த போர்ட்டிலேயே சொருகினார். பூட் செய்தால் டிரைவ் கண்ணுக்கே தெரியவில்லை. பல ரெய்டு கார்டுகள் டேப் டிரைவை ஏற்காது. அதனால்தான் டிரைவை நேரடியாக இணைக்கிற எச்பிஏ கார்டு ஒன்றைத் தனியாகப் போடுவார்கள். அதை நான் படித்தே வைத்திருந்தேன், சொன்னேன். "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணினா வந்திரும் சார்" என்று மதியம் மூன்று மணி வரை உயிரோடு இருக்கிற சர்வரை மூன்று முறை ரீபூட் செய்தார். மேலே மெர்ச்சன்டைசர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து கார்டு வந்தது. பெட்டி இல்லை, குமிழ்க் கவரில் சுற்றியிருந்தது. ஹீட்சிங்க்கில் தூசிக் கோடு. கேபிள் ஒரு முனை நாலாகப் பிரிகிற வகை. ஒன்று டிரைவுக்குப் போனது, மீதி மூன்றையும் ஃபேனுக்கு முன்னால் தொங்கவிட்டிருந்தார். நான்தான் ஜிப் டை போட்டு ஓரமாகக் கட்டினேன். சரி, வேலை செய்தால் போதும் என்று நினைத்தேன். மாட்டிய டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்-ஸ்கஸி கட்டளையில் 'டேப்' என்று காட்டியதும் எனக்கும் நிம்மதி.

அப்புறம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தார். இரவு பத்து மணிக்குத் தானாக ஓடும், முடிந்ததும் 'பேக்கப் சக்சஸ்' என்று மெயில் வரும். எடுத்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் டேப்பிலிருந்து ஒரு டி-ஷர்ட் சாம்பிள் போட்டோவைத் திரும்ப எடுத்துத் திரையில் காட்டினார். முதலாளி கைகொடுத்தார். நானும் வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், மீதிப் பணம் அன்றே போய்விட்டது. எத்தனையோ ஃபைல் இருக்க, அவர் ஏன் போட்டோவை எடுத்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

எட்டு மாதம் தினமும் மெயில் வந்தது. பேக்கப் ஓடும்போது டிரைவுக்குள் ஒரு சத்தம் வரும். ஓடும், நிற்கும், பின்னால் போகும், மறுபடி ஓடும். டேட்டா போதிய வேகத்தில் வரவில்லையென்றால் டேப் இப்படித்தான் தடுமாறும், டேப்புக்கும், அதைப் படித்து எழுதும் ஹெட்டுக்கும் தேய்மானம். போன் செய்து கேட்டேன். "டேப் டிரைவுன்னா அப்படித்தான் சத்தம் வரும் சார்" என்றார்கள். திங்கட்கிழமைதோறும் கிளீனிங் டேப் போடச் சொன்னதும் அவர்கள்தான். கிளீனிங் டேப், டிரைவ் தானே கேட்கும்போது மட்டும் போட வேண்டியது. அதற்கு லைட் எரியும், அல்லது சின்ன டிஸ்பிளேயில் எழுத்து வரும். சும்மா சும்மா போட்டால் ஹெட்டைத் தேய்க்கிற வேலைதான். எட்டு மாதத்தில் இரண்டாவது கிளீனிங் டேப்புக்கும் பில் போட்டார்கள், அதையும் கட்டினேன்.

போன தை மாதம் ஒரு மெர்ச்சன்டைசர் பொண்ணு பழைய ஃபோல்டர்களைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒரு பையரின் மொத்த பேட்டர்ன் (துணி வெட்டும் வடிவம்) ஃபோல்டரையும் ஷிஃப்ட் டெலிட் அடித்துவிட்டது. நெட்வொர்க் ஃபோல்டர், ரீசைக்கிள் பின்னெல்லாம் கிடையாது. அழுதுகொண்டே வந்து நின்றது. "அழாத சாமி, டேப்ல இருக்குது, அரை மணி நேரத்துல எடுத்துத் தர்றேன்" என்று தெனாவட்டாகச் சொன்னேன்.

முந்தின நாள் டேப்பைப் போட்டுப் பட்டியல் எடுத்தேன். போட்டோ. போட்டோ. போட்டோ. போட்டோ ஃபோல்டர் முடிந்ததும் டேப்பும் முடிந்தது. வேறு டேப் போட்டேன், அதுவும் போட்டோதான். சுழற்சியில் இருந்த எட்டு டேப்பையும் பார்த்து முடிக்கும்போது இரவு ஒன்பது. எட்டிலும் போட்டோ மட்டும்தான். கணக்கு இல்லை, பேட்டர்ன் இல்லை, ஆர்ட்வொர்க் இல்லை.

வீட்டுக்குப் போகாமல் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். சர்வரில் ஓடும் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 என்று கூப்பிட்டு எழுதினால், எழுதி முடித்த கையோடு டேப் தானாக ஆரம்பத்துக்கே சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி0 என்று கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தத் தம்பி, ஃபைல்களைக் கட்டாகக் கட்டி டேப்பில் எழுதும் டார் கட்டளையை மூன்று வரி எழுதியிருந்தார்: முதலில் கணக்கு, அடுத்து பேட்டர்னும் ஆர்ட்வொர்க்கும், கடைசியில் போட்டோ. மூன்றும் எஸ்டி0-வுக்கு. கணக்கை எழுதும், டேப் ஆரம்பத்துக்குப் போகும். அதன் மேலேயே பேட்டர்னை எழுதும், மறுபடி ஆரம்பத்துக்குப் போகும். அதன் மேலே போட்டோ. மூன்று கட்டளையும் தப்பில்லாமல் முடிந்ததால் மெயிலும் சக்சஸ் என்றே வந்தது. ஒரே ஒரு 'என்' எழுத்து. எட்டு மாதம்.

பேட்டர்னும் ஆர்ட்வொர்க்கும் 1.1 டிபி, போட்டோ 600 ஜிபி. அப்படியானால் போட்டோவுக்குப் பின்னால் பேட்டர்னின் வால் பகுதி டேப்பில் இருக்கத்தானே வேண்டும் என்று ஒரு நப்பாசை. இருக்கும்தான். ஆனால் கடைசியாக எழுதிய இடத்தில் டிரைவ் ஒரு 'டேட்டா முடிந்தது' அடையாளம் போட்டுவிடும். அதைத் தாண்டிச் சாதாரண டிரைவ் எதுவும் படிக்காது. டேட்டா ரெகவரி செய்கிறவர்களிடம் கேட்டோம். தொகையைச் சொன்னதும் முதலாளி போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

கடைசியில் காப்பாற்றியது எங்கள் பேட்டர்ன் மாஸ்டர். அறுபது வயது மனிதர், கம்ப்யூட்டரை நம்பாதவர். எல்லாவற்றுக்கும் அட்டை பேட்டர்ன் வெட்டி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பதினோரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப டிஜிட்டைஸ் செய்தோம். "இதுக்குத்தான் ரெண்டு லட்சமா?" என்று தினமும் ஒரு தடவை கேட்பார். கேட்கட்டும், அவருக்கு உரிமை இருக்கிறது.

ஸ்கிரிப்ட் தப்பு அனுபவமில்லாத பையனின் தப்பு என்று விட்டிருப்பேன். ஆத்திரத்தில் டிரைவையும் நோண்டினேன், அங்கேதான் ஏமாற்று வெளியே வந்தது. எல்டிஓ டிரைவ் தன் ஜாதகத்தைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். எஸ்ஜி-லாக்ஸ் கட்டளையில் 0x14 என்ற பதிவுப் பக்கத்தைக் கேட்டால் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை டேப் ஏற்றியது, எத்தனை முறை கிளீனிங் ஆனது எல்லாம் வரும். எங்களிடம் எட்டு மாதம் ராப்பகலாக ஓடியிருந்தாலும் ஆறாயிரம் மணி நேரத்தைத் தொடாது. காட்டியது 31,000-க்கு மேல். எங்களுடையதைக் கழித்தாலும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் வேறு எங்கேயோ உழைத்த டிரைவைப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் சீரியல் நம்பர் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர்.

டேப்பும் அப்படித்தான். ஒவ்வொரு எல்டிஓ டேப்புக்குள்ளும் ஒரு சின்ன மெமரி சிப் உண்டு. எஸ்ஜி-ரீட்-ஆட்டர் கட்டளையால் அதைப் படிக்கலாம். எத்தனை முறை ஏற்றப்பட்டது, இதுவரை மொத்தம் எவ்வளவு எழுதப்பட்டது, கடைசி நான்கு முறை எந்த டிரைவில் இருந்தது என்று அந்த டிரைவின் சீரியல் நம்பர் வரைக்கும் இருக்கும். பத்தில் இரண்டு டேப்பை நாங்கள் பிரிக்கவே இல்லை, மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. உறையைக் கிழித்துப் போட்டுப் பார்த்தேன். ஒன்று 61 முறை ஏற்றப்பட்டது, இன்னொன்று 58. இரண்டிலும் அதற்கு முன் பதிவாகியிருந்த சீரியல் நம்பர் எங்கள் டிரைவுடையது இல்லை. பழைய டேப்புக்குப் புது உறை போட எங்கேயோ ஒரு மெஷின் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் பிரின்ட் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "புதுசுன்னு பில்லுல எங்கீங்க சார் போட்டிருக்குது?" என்றார். பார்த்தால், கொட்டேஷனில் 'புதியது, மூன்று வருட கம்பெனி வாரன்டி' என்று இருக்கிறது. பில்லில் வெறும் 'எல்டிஓ-6 டிரைவ், ஒரு வருட கடை வாரன்டி'. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதது என் தப்பு. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரிடம் சரிபார்க்க ஐந்து நிமிஷம்தான் ஆகியிருக்கும், மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதையும் செய்யவில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். வக்கீல் முடியாது என்று தலையாட்டினார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபாரத்துக்காகப் பொருள் வாங்கினவர் 'நுகர்வோர்' ஆக மாட்டார். சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்கிற தனி ஆளுக்கு விலக்கு உண்டு, எங்களைப் போன்ற பிரைவேட் லிமிடெட்டுக்குக் கிடைப்பது கஷ்டம். சிவில் வழக்கு, இல்லையென்றால் மோசடி என்று போலீஸ். முதலில் நோட்டீஸ் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார்.

இப்போது வேறு இடத்தில் எல்டிஓ-7 டிரைவ் வாங்கியிருக்கிறோம். வந்த அன்றே 0x14 பக்கத்தைப் பார்த்தேன், ஓடிய நேரம் 2 மணி. ஃபேக்டரியில் டெஸ்ட் செய்திருப்பார்கள். எல்டிஓ-8 போகலாமே என்று கேட்டதற்கு, அது எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது, பழைய டேப் வேண்டுமானால் 7-தான் என்று புதுக் கடைக்காரர் நேர்மையாகச் சொன்னார். (பழைய டேப்பில் படிக்க என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம்.) ஸ்கிரிப்டை நானே எழுதினேன், என்எஸ்டி0 போட்டு. டாரின் பிளாக் அளவை, அதாவது ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவை, 10 கேபியிலிருந்து 256 கேபிக்கு ஏற்றினேன், அந்தத் தடுமாறுகிற சத்தம் நின்றுவிட்டது. சர்வர் முன்பு கட்டிங் செக்‌ஷனை ஒட்டிய மாடிப்படிக்குக் கீழே இருந்தது. டிரைவைக் கழற்றியபோது உள்ளே பஞ்சுத் தூசி அப்பியிருந்தது. மாட்ட வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அக்கவுண்ட்ஸ் ரூமில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, அக்கவுண்ட்ஸ் அக்கா கண்ணை மூடிக்கொண்டு மூன்று ஃபைல் பெயர் சொல்வார், கணக்கில் ஒன்று, பேட்டர்னில் ஒன்று, போட்டோவில் ஒன்று. டேப்பிலிருந்து எடுத்து அவர் திரையிலேயே திறந்து காட்டினால்தான் எனக்கு டீ.

கடைக்காரர் பழைய டிரைவையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு 1,20,000 தர ஒத்துக்கொண்டார், மூன்று செக்காக. முதல் இரண்டும் பாஸ் ஆகிவிட்டன. மூன்றாவது செக்கின் தேதி வருகிற 15. அதுவரை டிரைவ் என் மேஜைக்கு அடியில்தான் இருக்கும்.