இயர் பிளக் வாங்கினேன், ஏனென்றால் எதிர் பெர்த்காரர் இயர்போன் வாங்கவில்லை

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், புலம்பல் அப்புறம். ஆரஞ்சு நிறத்தில், அமுக்கினால் அமுங்கி, விட்டால் மெல்ல மெல்ல உப்பி வரும், காதை அடைத்துச் சத்தத்தைக் குறைக்கிற ஃபோம் இயர் பிளக். ஆன்லைனில் வாங்கியது, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தது. ஒரு ஜோடிக்கு என்று கணக்குப் பார்த்தால் ஹோட்டலில் ஒரு காபி குடிக்கிற காசுதான் ஆகிறது. பிராண்ட் பெயர் சொல்லவில்லை, இந்த வகையில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், போடுகிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது.

அட்டையில் 33 டெசிபல் குறைக்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது ஆய்வகத்தில், சரியாகப் போடத் தெரிந்தவர்கள் காதில் வைத்து அளந்த கணக்கு. அமெரிக்காவில் தொழிலாளர் பாதுகாப்பைப் பார்க்கிற துறை, அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்கிக் கொள்வதுதான் நடைமுறைக்குப் பத்திரம் என்கிறது. அப்படிப் பார்த்தால் 33 என்பது 13-இல் வந்து நிற்கும். 13 என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள், டெசிபல் கணக்கில் 10 குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானது போலத்தான் இருக்கும்.

போடும் முறை. ஒன்று அல்லது இரண்டு ஸ்டார் கொடுத்துவிட்டுப் போனவர்களில் பாதிப் பேர், பிளக்கைக் காது வாசலில் சொருகிவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். விரல்களுக்கு நடுவில் வைத்து, மடிப்பு விழாமல், மெல்லிசான குச்சி மாதிரி உருட்ட வேண்டும். வலது காதுக்கு என்றால் இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டும். விட்டதும் கையை எடுக்கக் கூடாது, உள்ளே உப்பி அடைத்துக்கொள்ள அரை நிமிடம் ஆகும், அதுவரை விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சரியாக உட்கார்ந்துவிட்டால் உங்களுக்கே தெரியும், எச்சில் விழுங்குவது ஒரு பெரிய சம்பவமாகக் காதுக்குள் கேட்கும். முதல் இரவு கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும். காதில் வலியோ சீழோ இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

சரி, இதை எதற்கு வாங்கினேன் என்ற கதைக்கு வருகிறேன். சென்னையில் வேலை, ஊர் திருநெல்வேலி, அதனால் இரவு ரயில் என்பது எனக்கு இன்னொரு படுக்கையறை. தேர்ட் ஏசியில் காசு கொடுத்து ஏறுவதே நாலு மணி நேரமாவது நிம்மதியாகத் தூங்கி, காலையில் இறங்கியதும் மனிதனாக வீட்டுக்குள் போகலாம் என்பதற்காகத்தான். எழும்பூரில் ஏறி உட்கார்ந்து, தாம்பரம் தாண்டியதும் தொடங்கும். எதிர் லோயர் பெர்த்தில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, எழுந்து நின்றால் பார்க்கிறவர்களுக்குத் தானாகவே கை குவியும், அப்படி ஒரு தோற்றம். அவர் கையில் ஒரு செல்போன், அதில் ரீல்ஸ். ஒன்றை முழுசாகப் பார்த்தால்கூட மனசை ஒருவழியாகச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம். நாலு வினாடி சாமி பாட்டு, நாலு வினாடி யாரோ ஒரு அரசியல்வாதி மைக்கைக் கடித்துத் துப்புகிற பேச்சு, அப்புறம் மூட்டுவலிக்கு ஒரு கஷாயம், அது கொதிப்பதற்குள் தங்கம் விலை, நடுநடுவே அந்தப் பேய்ச் சிரிப்பு ஒன்று உண்டே, எல்லா வீடியோவிலும் வருமே, அது.

"ஐயா, சவுண்ட் மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" என்றேன்.

"குறைச்சுத்தானே தம்பி வச்சிருக்கேன்" என்றார், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. மரியாதைக்கு இரண்டு புள்ளி குறைத்தார். செங்கல்பட்டு வருவதற்குள் அந்த இரண்டு புள்ளியும் பழைய இடத்துக்கே போய்விட்டன.

இதில் எனக்குக் கோபம் வருவது சத்தத்துக்காக மட்டும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை, எனக்கு வாழைப்பழம் நீட்டினார், ஒரு அம்மாவின் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளிக் கொடுத்தார். ஆனால் தன் கையில் இருக்கிற கருவியிலிருந்து கிளம்புகிற சத்தம் இன்னொருத்தர் காதுக்கும் போகும் என்பது அவருடைய உலகத்திலேயே இல்லை. இவரை மட்டும் சொல்லவும் முடியாது, இளவட்டங்களும் இப்போது இப்படித்தான், கழுத்தில் இயர்போன் மாலையாகத் தொங்கும், பாட்டு ஸ்பீக்கரில் ஓடும். போன் ஸ்பீக்கரைப் போட்டு, அதையும் வாய்க்கு நேராக பிஸ்கட் மாதிரி பிடித்துக்கொண்டு, மறுமுனைக்காரர் சொல்கிற குடும்ப ரகசியங்களைப் பெட்டி முழுக்க ஒலிபரப்புவது ஒரு புதுப் பழக்கம். மதுரையில் இருக்கிற ஒரு மாமியாருக்கு மருமகளிடம் என்ன குறை என்பது இப்போது எங்கள் பெட்டியில் வந்த அத்தனை பேருக்கும் தெரியும். குழந்தை அழுவதையெல்லாம் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே மாட்டேன், அது குழந்தை.

சட்டம் இல்லாமல் இல்லை. இரவு 10 முதல் காலை 6 வரை தூங்குகிற நேரம், மிடில் பெர்த்தைத் தூக்கிப் போடுவதற்கான நேரமும் அதுதான். 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது, சத்தமாகப் போன் பேசக் கூடாது என்று 2022-இல் ரயில்வே தனியாகவே அறிவுறுத்தல் விட்டது. ரயில்வே உதவி எண் 139-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். ஆனால் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி அவர் காதுபடவே புகார் சொல்லிவிட்டு, மறுநாள் காலைவரை அவர் முகத்துக்கு எதிரே படுத்திருப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், என்னிடம் அது கிடையாது. அதனால் இயர் பிளக்.

போட்டதும் என்ன ஆனது? ஏசி இரைச்சலும் சக்கரச் சத்தமும் முழுசாகப் போகவில்லை, ஒரு தூரத்துக்குப் போய்விட்டது. ரீல்ஸ் சிரிப்பின் கூர்மை போய்விட்டது. பேச்சுச் சத்தம் வரும், ஆனால் வார்த்தை பிடிபடாது, மருமகள் விவகாரம் வெறும் முணுமுணுப்பாகிவிடும், இது எனக்குப் பெரிய ஆறுதல். ஏனென்றால் புரிகிற பேச்சுதான் தூங்க விடாது, புரியாத சத்தத்தோடு மூளை ஒத்துப்போய்விடும். நடுராத்திரி மூன்று மணி சுமாருக்கு திண்டுக்கல்லில் இறங்க வேண்டிய ஒருவர் வைத்திருந்த அலாரம் அடித்தது. வைத்தவரைத் தவிர எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தர் லைட்டைப் போட்டார், இன்னொருத்தர் "யாருங்க அது, எடுங்க" என்றார், அந்த வெளிச்சத்தில்தான் நான் கண் விழித்தேன், சத்தத்தில் இல்லை. அந்த வகையில் பிளக்குக்கு முழு மார்க்.

கூத்து என்னவென்றால், பதினொரு மணிக்குப் பெரியவர் ஒருவழியாகப் போனை அணைத்துவிட்டுப் படுத்ததும் மேல் பெர்த்தில் ஒருவர் குறட்டைவிடத் தொடங்கினார். பெரியவர் புரண்டு புரண்டு படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து என் தோளைத் தட்டினார். நான் ஒரு பக்கத்து பிளக்கை எடுத்துவிட்டு என்னவென்று பார்த்தால், "தம்பி, இது எங்க வாங்குனது? தூங்கவே விட மாட்டேங்கிறாங்களே" என்கிறார். டப்பாவிலிருந்து புது ஜோடி ஒன்றை எடுத்துக் கொடுத்து, உருட்டுகிற விதத்தையும் சொல்லிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

அடுத்தது வீடு. இங்கேதான் பொருள் சறுக்குகிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முன்பெல்லாம் கூம்பு ஒலிபெருக்கி கட்டுவார்கள், அது கீச்சென்று கத்தும். அந்த மாதிரிக் கூர்மையான சத்தத்தை ஃபோம் நன்றாகத் தடுத்துவிடும். இப்போது கொண்டுவந்து இறக்குவது ஆள் உயர பாக்ஸ், அதற்குக் கீழே ஊஃபர், அதாவது தும் தும்மென்ற அடிச் சத்தத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர். அந்த அடி இருக்கிறதே, அது காது வழியாக மட்டும் வருவதில்லை, தரை வழியாக, கட்டில் கால் வழியாக, நெஞ்செலும்பு வழியாக வருகிறது. ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்கிறது. பிளக் போட்டுக்கொண்டால் பாட்டு போய்விடும், அடி மட்டும் தனியாக நிற்கும், அது இன்னும் கொடுமை. பாட்டோடு சேர்ந்து வந்தாலாவது எந்தப் படம் என்று யோசித்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. விழாக்காலத்துக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை விலக்குத் தரலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டாலே 60 வந்துவிடும். மண்டபத்து பாக்ஸ் எங்கே, 45 எங்கே. கேட்கப் போனால், "ஒரு நாள்தானே சார், நல்ல காரியம்" என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள்தான். மண்டபத்துக்குப் பின்னால் குடியிருக்கிறவனுக்கு முகூர்த்த நாள் அத்தனையும்.

ஒரு தோழி ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கச் சொன்னார், ஆயிரக்கணக்கில் விலை. வாங்கிப் பார்த்தவர்களிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். விமானம், ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீராக வருகிற இரைச்சலை அது அழகாகத் துடைத்துவிடுகிறது, ஆனால் திடீர் திடீரென்று வருகிற மனிதச் சத்தத்துக்கு அவ்வளவு மசிவதில்லை. தலையணையில் ஒருக்களித்துப் படுத்தால் காது வலிக்கும். தூங்குவதற்கு ஃபோம்தான்.

சாலை பற்றியும் கேட்பீர்கள். வண்டி ஓட்டும்போது தயவுசெய்து போடாதீர்கள், பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் தெரிய வேண்டும். ஆகவே சிக்னலில் இன்னும் நாற்பது வினாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிற மகானுக்கு இந்தப் பொருளில் மருந்து இல்லை. அவசியமில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவில் முதல் தடவை 1000 ரூபாய், அடுத்த தடவை 2000 அபராதம். பல சுருதியில் ஊளையிடுகிற ஹாரனைப் பொருத்துவதற்கே அனுமதி கிடையாது. எனக்குப் பின்னால் வருகிற தனியார் பஸ்ஸுக்கு இதையெல்லாம் யார் படித்துக் காட்டுவது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்து போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடலாம், வீடியோ கோச்சில் முன் சீட்டு கிடைத்தவர்களுக்கு நான் கட்டாயமாகவே சிபாரிசு செய்வேன்.

தியேட்டருக்கு உதவாது, படமும் கேட்காமல் போய்விடும். பக்கத்து சீட்டுக்காரர் போனை எடுத்து, "தியேட்டர்லதான் இருக்கேன், பரவாயில்ல சொல்லு" என்று ஆரம்பித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் இடத்திலும் போட முடியாது, நம் நம்பரைக் கூப்பிடுவது கேட்காது. இத்தனைக்கும் ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்கிறது விதி, உள்ளேயே மூன்று செல்போனில் மூன்று சீரியல் ஓடுகிறது.

மூக்குக்கும் கண்ணுக்கும் பிளக் கிடையாது என்பதையும் குறையாகச் சொல்ல வேண்டும். வாஷ்பேசினில் சாம்பார் சாதத்தைக் கொட்டிவிட்டு, அது அடைத்துக்கொண்டதும் ரயிலைத் திட்டிக்கொண்டே போனவரை நான் பார்த்துத்தான் தீர வேண்டியிருந்தது.

வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். கயிறு வைத்தது வேண்டாம், அது தொழிற்சாலைக்கு, புரண்டு படுக்கும்போது கழுத்தில் சிக்கும். காது துவாரம் சின்னதாக இருப்பவர்களுக்குச் சின்ன சைஸ் தனியாகக் கிடைக்கிறது, என் அக்காவுக்கு சாதாரண சைஸ் வலித்தது, சின்னது சரியாக உட்கார்ந்தது. காலையில் நீங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு அலாரத்தை வைப்ரேஷனில் வைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அடுத்தவர் தூக்கமும் கெடாது. ஃபோமைத் தண்ணீரில் அலச வேண்டாம், உருட்டிவிட்டால் பழையபடி உப்பவில்லை அல்லது அழுக்கேறிவிட்டது என்றால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஜோடியை எடுங்கள். கழுவிக் கழுவிப் போட வேண்டும் என்றால் சிலிகானில் வருகிறது, சத்தத்தை இந்த அளவுக்குக் குறைப்பதில்லை, விலையும் கூட. ரயிலுக்கு நாலரை ஸ்டார், மண்டபத்துக்கு ஒன்றரை.